மரபணு, புரதம், மனிதர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு என்று பேச்சு எடுத்தாலே இரண்டு வகைக் கேள்விகள் வரும். ஒன்று நம்பிக்கையோடு வருவது: எந்த நோய்க்கு எப்போது மருந்து வரும்? இன்னொன்று பயத்தோடு வருவது: என் உடம்பில் எழுதியிருப்பதை வைத்து என்னை எடைபோட்டுவிடுவார்களா? இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. மரபணுவில் தொடங்கி ஒரு முழு மனிதர்வரை போகும் வழி நீளமானது. நடுவில் புரதம் இருக்கிறது, செல் இருக்கிறது, உறுப்பு இருக்கிறது, வாழும் சூழல் இருக்கிறது. அந்த வழியை அடிமேல் அடிவைத்து நடந்த இடங்களில் மருத்துவம் ஜெயித்திருக்கிறது. நடுவழியை விட்டுவிட்டு மரபணுவிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவிய இடங்களில் பெரிய கொடுமைகள் நடந்திருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்த எண்ணம்தான் ஓடுகிறது.

மரபணுவுக்கும் புரதத்துக்கும் என்ன உறவு?

டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட இழை. அந்த எழுத்துகளை ஏ, டி, ஜி, சி என்று குறிப்பார்கள். மனிதரின் ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. அதில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அடங்கிய பகுதியை மரபணு என்கிறோம். மனிதரிடம் இப்படிப்பட்ட மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. புரதக் குறிப்புகள் மொத்த எழுத்துகளில் ஒன்றிரண்டு சதவீத இடத்தைத்தான் பிடிக்கின்றன. மீதியில் ஒரு பகுதி எந்தக் குறிப்பை எப்போது, எங்கே, எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

செல் அந்தக் குறிப்பை முதலில் ஆர்என்ஏ என்ற நகலாக எடுக்கிறது. நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, 20 வகை அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கிறது. கோத்த சங்கிலி மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்ததும் அது புரதம். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தில் 34,000-க்கும் மேல் உண்டு. ஆக்சிஜனைச் சுமப்பது, சாப்பிட்டதைச் செரிப்பது, கிருமியை அடையாளம் காண்பது, தசையைச் சுருக்குவது எல்லாம் புரதத்தின் வேலை.

அப்படியென்றால் மரபணுக்களைப் படித்தால் போதாதா? புரதங்களைத் தனியாக ஏன் ஆராய வேண்டும்?

கம்பளிப்புழுவையும் அதிலிருந்து வரும் பட்டாம்பூச்சியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் டிஎன்ஏ ஒன்றே, ஒரு எழுத்துகூட வேறில்லை. ஒன்று ஊர்கிறது, மற்றது பறக்கிறது. படிக்கப்படும் மரபணுக்களும் உருவாகும் புரதங்களும் மாறிவிட்டதால் வந்த வித்தியாசம் இது. நம் உடம்புக்குள்ளும் அப்படித்தான். கண்ணின் செல்லும் கல்லீரலின் செல்லும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறு வேறு பக்கங்களைப் படிக்கின்றன.

அதனால் மரபணுப் பரிசோதனை என்ன நடக்கக்கூடும் என்று சொல்லும். இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் புரதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி என்று வருபவரின் ரத்தத்தில் டாக்டர்கள் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கிறார்கள். இதயத் தசை சேதமானால்தான் அது ரத்தத்தில் கசியும். அவருடைய டிஎன்ஏ பிறந்த நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது, அதைப் படித்தால் மாரடைப்பு இப்போது வந்ததா என்று தெரியாது. ஒரு செல்லில் அல்லது உடலில் உள்ள புரதங்கள் மொத்தத்தையும் சேர்த்து ஆராயும் துறைக்குப் புரோட்டியோமிக்ஸ் என்று பெயர். அதற்கு அடிப்படையான புரோட்டியோம் என்ற சொல் 1994-இல்தான் பிறந்தது.

ஒரே ஒரு எழுத்து மாறினால் நோய் வந்துவிடுமா?

சில இடங்களில் வரும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அரிவாள் செல் நோய். அதில் மொத்த வழியும் கண்ணுக்குத் தெரிகிறது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதிக்கான மரபணுவில், ஏ இருக்க வேண்டிய ஓர் இடத்தில் டி இருக்கிறது. அதனால் புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் வந்து உட்காருகிறது. குளூட்டமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும். வாலைன் தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட கம்பிகளாகின்றன. கம்பிகள் சிவப்பணுவை உள்ளிருந்து முட்டி அரிவாள் மாதிரி வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கின்றன. அந்த வலி சாதாரண வலி இல்லை. எலும்புக்குள் ரத்தம் போகாமல் துடிக்கும் வலி. சிலருக்குப் பக்கவாதம் வரும், சிறுநீரகம் கெடும்.

ஹீமோகுளோபினின் தன்மையே இந்த நோயாளிகளிடம் வேறாக இருக்கிறது என்பதை லைனஸ் பாலிங்கின் குழு 1949-இல் காட்டியது. மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை வெர்னன் இங்ராம் 1956-இல் கண்டுபிடித்தார். ஒரு நோயை ஒரு மூலக்கூறு வரை இறங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதில் இன்னொன்றும் உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் நோய் இல்லை, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புகூடக் கிடைக்கிறது. ஆகவே கெட்ட மரபணு, நல்ல மரபணு என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை நகல், எந்தச் சூழல் என்று கேட்காமல் அதைச் சொல்ல முடியாது.

நோய்க்கான மரபணு தெரிந்துவிட்டால் மருந்தும் வந்துவிடும்தானே?

இந்த எதிர்பார்ப்பினால் நொந்த குடும்பங்கள் ஏராளம். அரிவாள் செல் நோயின் காரணம் 1956-இல் தெரியும். அந்தக் காரணத்தை மரபணு அளவில் சமாளிக்கும் சிகிச்சைக்கு 2023-இல்தான் அனுமதி கிடைத்தது. நடுவே 67 ஆண்டுகள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைப் பாருங்கள். நுரையீரலில் சளி பசைபோலக் கெட்டியாகி, குழந்தைப் பருவத்திலிருந்தே மூச்சைத் திணறடிக்கும் நோய் அது. அதற்கான மரபணு 1989-இல் கிடைத்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் 508-ஆவது மட்டும் விடுபட்டிருந்தது. மருந்து பக்கத்தில் வந்துவிட்டதாக அப்போது பலரும் நம்பினார்கள். ஆனால் அந்தப் புரதம் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டியிருந்தது. ஓர் அமினோ அமிலம் குறைந்ததால் அது சரியாக மடிவதில்லை. செல்லின் தரச் சோதனை அமைப்பு அதைக் கழிவென்று நினைத்து அழித்துவிடுகிறது. ஆகவே மடிப்பைச் சரிசெய்ய ஒரு மருந்து, செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்த புரதத்தின் கதவைத் திறந்துவைக்க இன்னொரு மருந்து என்று யோசிக்க வேண்டியிருந்தது. சில நோயாளிகளுக்கு மட்டுமான முதல் மருந்து 2012-இல் வந்தது. பெரும்பாலானோருக்குப் பயன்படும் மூன்று மருந்துக் கூட்டு 2019-இல் வந்தது. 30 ஆண்டு.

வேகமாக நடந்த கதையும் உண்டு. கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் சில பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2003-இல் தெரிந்தது. கல்லீரல் ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் கைகளை அந்தப் புரதம் அழிக்கிறது. அது அளவுக்கு மீறி வேலை செய்தால் கொலஸ்ட்ரால் ஏறும். சரி, அதே புரதம் வேலை செய்யாமல் போனால்? அப்படி இருக்கும் மனிதர்களைத் தேடினார்கள், கிடைத்தார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வில் அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 28 சதவீதம் குறைவு, இதயநோய் 88 சதவீதம் குறைவு. அந்தக் குறையால் அவர்களுக்கு வேறு கெடுதல் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் அந்தப் புரதத்தை மருந்தால் தடுக்கலாம் என்று முடிவானது. 2015-இல் மருந்து வந்துவிட்டது. மரபணு, புரதம், அதன் வேலை, மனிதர் என்று எல்லாப் படியும் தெளிவாக இருந்ததால் 12 ஆண்டில் முடிந்த காரியம் இது.

புரதமே மருந்தாவது எப்படி?

இன்சுலின்தான் இதற்கு முன்னோடி. பல பத்தாண்டுகள் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1978-இல் மனித இன்சுலினுக்கான குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982-இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று ரத்தம் உறைய உதவும் புரதங்கள், வளர்ச்சி ஹார்மோன், புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் ஆன்டிபாடிகள் எல்லாம் இதே வழியில் உயிருள்ள செல்களில் விளைகின்றன.

எம்ஆர்என்ஏ தடுப்பூசி இதன் அடுத்த படி. புரதத்தை ஆலையில் செய்யாமல், குறிப்பின் நகலை மட்டும் நம் உடம்புக்குக் கொடுக்கிறோம், நம் செல்களே புரதத்தைச் செய்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவைப் பார்த்து உடல் கொதித்தெழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது, அதே ஆண்டு டிசம்பரில் தடுப்பூசி போட ஆரம்பித்தாயிற்று. அவசரமாகச் செய்த பொருள் என்று பலர் பயந்தார்கள். அதன் அடித்தளத்துக்கு அப்போதே 15 வயது.

புற்றுநோய் சிகிச்சையில் என்ன மாறியிருக்கிறது?

முன்பெல்லாம் நுரையீரல் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் என்று உறுப்பின் பெயரோடு கேள்வி நின்றுவிடும். இப்போது எந்த மரபணு கெட்டது, எந்தப் புரதம் அடங்காமல் ஓடுகிறது என்றும் கேட்கிறார்கள்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் நல்ல சாட்சி. அந்த நோயாளிகளின் செல்களில் அசாதாரணமாகக் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-இல் பார்த்தார்கள். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த கோளாறு அது என்று ஜேனட் ரவுலி 1973-இல் கண்டறிந்தார். துண்டுகள் ஒட்டிய இடத்தில் இயல்பில் இல்லாத ஒரு புதுப் புரதம் உருவாகி, பெருகு பெருகு என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளை இடுகிறது. அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும்படி செய்த மாத்திரைதான் இமாட்டினிப். 2001-இல் வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், இன்று மருந்து நன்றாகக் கேட்பவர்களுக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறத்தாழ முழு ஆயுளும் வாழக்கூடிய நோயாகிவிட்டது.

எல்லாப் புற்றுநோயும் இப்படி ஒரே புரதத்தை நம்பி நிற்பதில்லை. பெரும்பாலானவற்றில் பல மரபணுக்கள் கெட்டிருக்கும். ஒன்றைத் தடுத்தால் இன்னொரு வழியில் ஓடும். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு 1998-இல் வந்த ட்ராஸ்டுசுமாப் பெரிய வரம். மற்றவர்களுக்கு அதனால் பயன் இல்லை. இலக்கு மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடாமல், கட்டியில் அந்த இலக்கு இருக்கிறதா என்று சோதித்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்கிறது, இன்னொருவருக்கு ஆகாமல் போகிறது. காரணம் மரபணுவா?

பல சமயம் ஆம். நாம் விழுங்கும் மருந்தைக் கல்லீரலின் என்சைம்கள் மாற்றுகின்றன. அந்த என்சைம்களும் புரதங்கள்தான், ஆளுக்கு ஆள் அவற்றின் வேகம் வேறு. வலிக்குத் தரும் கோடீனை உடல் மார்ஃபினாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். என்சைம் மந்தமாக உள்ளவருக்கு வலி குறையாது. மிக வேகமாக உள்ளவருக்குச் சாதாரண அளவே மூச்சை அடக்கும் நஞ்சாகலாம். வலிப்புக்குத் தரும் கார்பமசெப்பின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையைத் தரும். அது ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ மரபணு வகையோடு இறுக்கமாகத் தொடர்புள்ளது என்று 2004-இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். மருந்து தரும் முன் ஒரு சோதனை செய்தால் அந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். மரபணு அறிவியலின் மிக எளிய, மிக நேரடியான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கேற்ற கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பதில் வருத்தமும் உண்டு.

ஆல்ஃபாஃபோல்ட் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

புரதத்தின் வேலை அதன் வடிவத்தில் இருக்கிறது. அமினோ அமில வரிசைதான் வடிவத்தை முடிவு செய்கிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் வரிசையைப் பார்த்து வடிவத்தைச் சொல்ல யாராலும் சரியாக முடியவில்லை. ஒரு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே செலுத்தி வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சில சமயம் ஓர் ஆராய்ச்சி மாணவரின் மொத்தப் படிப்புக்காலமும் போகும். சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்று ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் 1963-இல் கணக்கிட்டு வரைந்த படம் இன்றும் புதிய வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

50 ஆண்டுகளாகச் சேர்த்த வடிவங்களைப் பாடமாக வைத்துக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல், 2020-இல் நடந்த போட்டியில் பல புரதங்களின் வடிவத்தை ஆய்வகத்துக்கு நிகராகக் கணித்தது. 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகள் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியாகின. டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர், புதுப் புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கர் மூவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் வடிவம் தெரிந்ததால் மருந்து தயார் என்று ஆகாது. புரதம் ஒரே நிலையில் நிற்பதில்லை, அசைகிறது, மற்றவற்றோடு சேர்கிறது. ஒரு மருந்து மனித உடலில் என்ன செய்யும் என்பதை மனிதர்களிடம் சோதித்துத்தான் அறிய முடிகிறது.

மரபணுவைத் திருத்தும் சிகிச்சை உண்மையாகவே வந்துவிட்டதா?

வந்துவிட்டது. பாக்டீரியாக்கள் வைரஸை வெட்டப் பயன்படுத்தும் கிரிஸ்பர் என்ற கருவியை, வேண்டிய இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கத்தியாக ஆக்கலாம் என்று ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் 2012-இல் காட்டினார்கள். அதை வைத்து உருவான முதல் சிகிச்சையான கேஸ்கெவிக்கு 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

அது அரிவாள் செல் மாற்றத்தை நேரடியாகத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்த சில மாதங்களில் உடல் அதை நிறுத்திவிடும். அந்த நிறுத்தத்தைச் சிகிச்சை எடுத்துவிடுகிறது. பிறகு உடல் பழைய, நல்ல ஹீமோகுளோபினை மறுபடி செய்கிறது. ஓராண்டுக்கு மேல் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை. ஆனால் வழி கடினமானது: ஸ்டெம் செல்களை வெளியே எடுத்துத் திருத்த வேண்டும், கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும், பிறகு திருப்பிச் செலுத்த வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம்.

2025-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பிறந்ததும் ரத்தத்தில் அம்மோனியா ஏறும் அரிய கல்லீரல் நோயுள்ள ஒரு குழந்தைக்காக, அந்தக் குழந்தையிடம் இருந்த மாற்றத்துக்கென்றே ஒரு திருத்த மருந்தை அமெரிக்க மருத்துவர்கள் ஆறு மாதத்தில் செய்து கொடுத்தார்கள்.

இந்தத் துறைக்குக் காயங்களும் உண்டு. 1999-இல் மரபணு சிகிச்சைச் சோதனைக்குத் தானே முன்வந்த 18 வயது இளைஞர் ஒருவர், மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸுக்கு உடல் காட்டிய எதிர்ப்பால் இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள் துறையே தயங்கி நின்றது. 2018-இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்ற ஆய்வாளர் கருமுட்டை நிலையிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எச்ஐவி தொற்றாமல் இருக்கச் செய்ததாகச் சொன்னார். அதைத் தடுக்க எளிய வழிகள் ஏற்கனவே இருந்தன. ஆராய்ந்தவர்கள் கண்டதோ முழுமையில்லாத திருத்தம். அவருக்கு மூன்றாண்டு சிறை கிடைத்தது. நோயாளியின் ரத்தச் செல்லைத் திருத்தினால் விளைவு அவரோடு முடியும், கருவைத் திருத்தினால் அது பிள்ளை, பேரப்பிள்ளை என்று தொடரும். சம்மதம் கேட்க அவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அதை இப்போதைக்குச் செய்யக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பரிசோதனையில் "ஆபத்து அதிகம்" என்று வந்தால் நோய் வந்தே தீருமா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. ஹண்டிங்டன் நோயில் ஒரு மரபணுவுக்குள் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். 40 அல்லது அதற்கு மேல் என்றால், இயல்பான ஆயுள்வரை வாழ்பவருக்கு நோய் வரும் என்று சொல்லிவிடலாம். தடுக்க மருந்து இல்லை. இதனால்தான் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானோர் பரிசோதனையே செய்துகொள்வதில்லை. அந்த முடிவை மதிக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவரின் உரிமை.

பிஆர்சிஏ1 வேறு மாதிரி. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் புரதத்துக்கான மரபணு அது. அதில் கேடான மாற்றம் உள்ள பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். மிக அதிகம்தான், ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. அடிக்கடி ஸ்கேன், மருந்து, அறுவை சிகிச்சை என்று செய்ய வழிகளும் இருக்கின்றன.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு போன்றவற்றில் நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அவற்றைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண்ணை வானிலை அறிக்கைபோல எடுத்துக்கொள்ளலாம். குடை எடுப்பதா என்று யோசிக்க உதவும், அவ்வளவுதான். மதிப்பெண் குறைவாக வந்தது என்று புகைப்பதை விடாமல் இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அறிக்கையில் "பொருள் உறுதியாகாத மாறுபாடு" என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை என்று பொருள். அதை வைத்து அறுவை சிகிச்சை போன்ற பெரிய முடிவு எடுக்கக் கூடாது. இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் கெடுதல் இல்லாதவை என்றே வகை மாற்றப்படுகின்றன. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மரபணு ஆலோசகரிடம் வகை மாறியதா என்று கேளுங்கள். வீட்டிலேயே உமிழ்நீர் எடுத்து அனுப்பும் பரிசோதனையில் கவலை தரும் முடிவு வந்தால், மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதிக்காமல் எதையும் நம்ப வேண்டாம். அவற்றின் மூலத் தரவில் தவறான முடிவுகள் கணிசமாக வருகின்றன.

அறிவு, குணம், இனம் எல்லாம் மரபணுவில் எழுதப்பட்டவையா?

இந்தக் கேள்விக்குச் சரித்திரம் ரத்தத்தால் பதில் எழுதியிருக்கிறது. நல்ல பிறப்பு என்ற பொருளில் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை ஃபிரான்சிஸ் கால்டன் 1883-இல் உருவாக்கினார். வறுமை, குற்றம், மனநோய் எல்லாம் பரம்பரை என்று படித்தவர்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்கு அனுமதி கொடுத்தது. நாஜி ஜெர்மனி 1933-இல் சட்டம் போட்டுச் சுமார் 4 லட்சம் பேருக்கு அதையே செய்தது, அப்புறம் கொலைக்குப் போனது. ஒரு புரதத்தைக்கூட அவர்கள் காட்டவில்லை. மரபணு எதனால் ஆனது என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

இன்று தெரிந்தது என்ன? எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டிஎன்ஏ சுமார் 99.9 சதவீதம் ஒன்று. மனிதருக்குள் இருக்கும் மாறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவான்டின் 1972-இல் கணக்கிட்டார். பின்வந்த ஆய்வுகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. அறிவிலோ குணத்திலோ மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகளின் பங்கு உண்டு. ஆனால் அவை எந்தப் புரதம் வழியாக, எந்தச் சூழலில், என்ன செய்கின்றன என்ற நடுவழி ஏறக்குறைய முழுதும் இருட்டு. அந்த இருட்டில் நின்றுகொண்டு கருக்களுக்கு அறிவு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று விற்பவர்களிடம் யாரும் ஏமாறக் கூடாது.

என் டிஎன்ஏ தகவல் வெளியே போனால் என்ன ஆகும்?

முதலில் ஒன்று: அது உங்களுடைய தகவல் மட்டும் இல்லை. உங்கள் சகோதரர், பிள்ளை, முகமே தெரியாத தூரத்து உறவினர் எல்லோருடைய தகவலும் அதில் பாதியோ அதைவிடக் குறைவாகவோ இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்த ஒரு தொடர் கொலையாளி 2018-இல் சிக்கினான். பொதுவான வம்சாவளித் தளத்தில் அவனுடைய தூரத்து உறவினர்கள் ஏற்றியிருந்த டிஎன்ஏ மூலம் போலீஸ் அவனிடம் போய்ச் சேர்ந்தது. நல்ல முடிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உறவினர்களிடம் யாரும் கேட்கவில்லை. டிஎன்ஏவால் குற்றமற்றவர்கள் சிறையிலிருந்து மீண்டதும் நூற்றுக்கணக்கில் உண்டு.

உமிழ்நீரை வாங்கி மரபணுவைப் பரிசோதித்துத் தரும் 23அண்ட்மீ நிறுவனத்திடம் சுமார் 1.5 கோடிப் பேரின் மரபணுத் தகவல் இருந்தது. 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. உமிழ்நீர் கொடுத்தபோது அந்தத் தகவல் ஏலச் சொத்தாகும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? காப்பீட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. ஆயுள் காப்பீடு அதில் அடங்காது. பரிசோதனைக்கு முன்பே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

மரபணுவுக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா?

முன்பு முடிந்தது. பிஆர்சிஏ மரபணுக்களுக்கு மிரியட் என்ற நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை வைத்திருந்தது. அதனால் அங்கே வேறு ஆய்வகம் அந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாமல் இருந்தது. இயற்கையில் இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்ததாலேயே அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடனே பல ஆய்வகங்கள் அந்தப் பரிசோதனையைத் தொடங்கின.

உடம்பிலிருந்து எடுத்த செல்களின் கதை இன்னும் வேதனையானது. ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்களை 1951-இல் அவருக்குத் தெரியாமலே ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். அவர் அதே ஆண்டு இறந்தார். அந்தச் செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி முதல் பல சாதனைகள் அவற்றின் மேல் நின்றன. குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் சேதியே தெரியாது. அந்தச் செல்களை விற்றுவந்த ஒரு நிறுவனத்தோடு 2023-இல்தான் குடும்பம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது.

இந்தப் பலன்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றனவா?

இல்லை. கேஸ்கெவியின் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அரிவாள் செல் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இருப்பதோ ஆப்பிரிக்காவில். அங்கே பல இடங்களில் பிறந்த குழந்தைக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய ரத்தப் பரிசோதனையும், பென்சிலினும், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் சேர்ந்தாலே எத்தனையோ குழந்தைகள் பிழைக்கும். அதுவே இன்னும் போய்ச் சேரவில்லை.

தகவலிலும் இதே ஏற்றத்தாழ்வு. நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடிய பெரிய ஆய்வுகளில் 2018 வரை கலந்துகொண்டோரில் முக்கால் பங்குக்கும் மேல் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து மதிப்பெண்கள் மற்றவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. பொருள் உறுதியாகாத மாறுபாடு என்ற பதிலும் மற்றவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

மேலே பிசிஎஸ்கே9 மருந்தின் கதையைச் சொன்னேன். அந்தப் புரதம் வேலை செய்யாமல், கொலஸ்ட்ரால் குறைந்து, இதயம் காக்கப்பட்ட மனிதர்கள் யார் என்பதை அங்கே சொல்லவில்லை. அவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். டல்லஸ் நகரில் நடந்த இதய ஆய்வில் வெள்ளையரோடு நின்றுவிடாமல் கறுப்பினத்தவரையும் பெரும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் அந்த மாற்றம் இருந்தது, வெள்ளையரிடம் அது மிக அபூர்வம். இன்று உலகம் முழுதும் எல்லா இனத்தவரும் போட்டுக்கொள்ளும் அந்த ஊசிக்கான தடயம் அந்த இரண்டு பேரின் ரத்தத்திலிருந்து கிடைத்தது.